ஒன்பதாம் தூணுக்கு ஒன்றரைச் சுற்று

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் நாக்கு நிற்காது. அன்று காலை பத்தரை மணிக்கு, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் அடிவயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டு அம்சவேணியை நான் திட்டிய திட்டு இப்போதும் என் காதிலேயே இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லையா? தூண் மேல சந்தனம் வெக்காதே, குங்குமம் வெக்காதேன்னு சுத்தறிக்கை அனுப்பிச்சனா இல்லையா? இதென்ன இது? கருமம்!"

ஒன்பதாம் தூணின் இரும்பு உடம்பில், இடுப்பு உயரத்தில், காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. நடுவில் குங்குமம்.

"ஐயே, அது போன வருஷத்துது சார்," என்றாள் அம்சவேணி. "இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒண்ணுமே வெக்கலை. ஒரு முழம் பூ கூட சாத்தலை. நீங்க வாணாம்னு சொல்லிட்டீங்க, நானும் கையைக் கட்டிக்கினு உக்காந்துட்டேன்."

"பொய் சொல்லாதே."

"பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது?"

நான் நம்பவில்லை. நம்பக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

இந்தக் கட்டடங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. தென்சென்னைச் சதுப்பில் வருடா வருடம் வெள்ளம் வரும். வெள்ளம் வந்தால் ஆட்களை ஏன் வெளியேற்ற வேண்டும், வீட்டையே தூக்கிவிட்டால் என்ன? உயர்வீட்டு வாரியத்தின் கூட்டம் ஒன்றில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். என் பெயர் சென்னியப்பன். சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். வாரியத்தின் தலைமை வடிவமைப்பாளன். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அடியில் ஒரு குழி, குழிக்குள் பதினாறு ஹைட்ராலிக் சிலிண்டர்கள். அவற்றைத் தூண் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பம்ப் எண்ணெயை உள்ளே தள்ளும், ஆள் இடுப்புத் தடிமனுள்ள தண்டுகள் மேலே எழும், கட்டடம், குடும்பம் கட்டில் பீரோவோடு, பதினான்கு அடி உயரும். குழியைச் சுற்றியுள்ள சுவரும் அதோடு எழுந்து வெள்ளத்தை வெளியே நிறுத்தும். தண்ணீர் வடிந்ததும் பழையபடி இறங்கும். முதலில் கட்டியது ஆம்பல், பன்னிரண்டு வருடத்துக்கு முன். பிறகு குவளை, நெய்தல், அல்லி, கொட்டி, தாமரை என்று நீர்ப்பூப் பெயர்களில் முப்பத்தாறு வந்தன.

அம்சவேணி ஆம்பலின் தூண் பார்க்கும் ஆள். முதல் நாளிலிருந்தே இங்கேதான். நாற்பது வயதிருக்கும். எண்ணெய்க்கறை படிந்த காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருப்பாள். மழைக்காலத்துக்கு முன் எல்லாக் கட்டடங்களையும் ஓர் அடி தூக்கி இறக்கிப் பார்ப்பது விதி. அந்த ஒத்திகையை ஆயுத பூஜை நாளில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பளபளவென்று வெளியே வந்த தண்டுகளில் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பொரி கொடுத்துவிட்டு இறக்குவார்கள். கல்லில் அரைத்த சந்தனம் தண்டோடு உள்ளே போனால் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் 'சீல்' வளையத்தைத் தின்றுவிடும் என்று இந்த வருடம் நான் அதைத் தடை செய்தேன். "தூண்களை எவரும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது, தொட்டால் வேலை நீக்கம்" என்ற வரியையும் சேர்த்திருந்தேன். அந்த வரியை எழுதும்போது என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

வெள்ளம் வந்து இரண்டாம் நாள். முப்பத்தேழு கட்டடங்களும் தண்ணீருக்கு மேல் நின்றன. விடிகாலையில் ஆம்பலின் ஒன்பதாம் தூண் எண்ணெய் ஒழுகுவதாகத் தகவல் வந்தது. படகில் வந்தேன். வரும் வழியிலேயே அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். காரணம்: பூஜைப் பொருட்கள். பொறுப்பு: பராமரிப்பாளர் அம்சவேணி. கையெழுத்து மட்டும் பாக்கி. தூணைப் பார்க்காமலே எப்படி எழுதினேன் என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

தரைத்தளத்துத் தாழ்வாரத்தில் இருக்கும் இரும்பு மூடியைத் திறந்து, ஏணி வழியாக இருவரும் குழிக்குள் இறங்கியிருந்தோம். வேறு வழி கிடையாது. நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்பதாம் தூணிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம். தலைக்கு மேல் கட்டடம் முழுக்க ஒரு தரம் குலுங்கியது. மூடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை விழ, மூடி அறைந்து சாத்திக்கொண்டது.

அம்சவேணி ஏணியில் ஏறித் தோளைக் கொடுத்து முட்டினாள். நானும் ஏறி முட்டினேன். அசையவில்லை. ஒன்பதாம் தூண் மொத்தம் ஒரு அங்குலம் தாழ்ந்துவிட்டதில் தளத்தின் சட்டமே முறுக்கிக்கொண்டு மூடியைக் கவ்விப் பிடித்திருந்தது.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி பேசியது. கட்டடத்தை மட்டமாக வைத்திருக்கும் கணினி அது. சமன் என்று பெயர். அதற்குக் குரலைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பொறுமையான பெண் குரல்.

"ஒன்பதாம் தூண், விலகல் இருபத்தாறு மில்லிமீட்டர். கட்டடத்தை மட்டமாக்க மற்ற தூண்கள் இறக்கப்படுகின்றன. வெள்ள மட்டத்துக்கு இன்னும் நான்கு அடி."

"அப்டீன்னா?" என்றாள் அம்சவேணி.

"ஒண்ணு எறங்குனா மத்த பதினஞ்சும் அதுகூட எறங்கும். இல்லாட்டி கட்டடம் சாஞ்சு சுவரு வெடிச்சுப் போகும். நாந்தான் அப்புடி வெச்சேன்."

"அது எறங்கிக்கினே இருந்தா?"

பதில் அவளுக்கே தெரியும். குழிக்கு வரும் காற்றுக் குழாய்கள் கட்டடத்தின் அடி விளிம்பில் திறக்கின்றன. விளிம்பு நான்கடி இறங்கினால் வெள்ளம் அந்தக் குழாய் வழியாகக் குழிக்குள் கொட்டும். பம்ப், மோட்டார் எல்லாம் இங்கேதான். பம்ப் முங்கினால் பதினாறு தூணும் செத்தது. மேலே அறுபது வீடு, இருநூற்றுச் சொச்சம் பேர். எங்கள் இரண்டு பேரையும் தனியாக எண்ண வேண்டிய அவசியமே இருக்காது.

உள்பேசி கத்தியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நரசிம்மலு.

"சார்! கீழ என்ன சார் பண்றீங்க? என் வீட்டு ஹால்ல வெச்ச எலுமிச்சம்பழம் தானா உருண்டு பால்கனிக்குப் போவுது சார்!"

"போனாப் போகட்டும். மூடியை மேல இருந்து கடப்பாரை போட்டு நெம்பச் சொல்லுங்க."

"நெம்பியாச்சு சார், கடப்பாரைதான் வளையுது. தீயணைப்புக்குச் சொன்னா, படகெல்லாம் வெளிய இருக்காம், மூணு மணி நேரம் ஆவும்ன்றான்."

"தரைத்தளத்துல இருக்கறவங்களை மேல ஏத்துங்க. பழத்தைப் பாத்துட்டே இருங்க. உருள்றது நின்னா உடனே சொல்லுங்க."

சமனிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். "தற்போதைய வேகத்தில் ஐம்பத்திரண்டு நிமிடங்கள்," என்றது. நல்ல செய்தி சொல்வதற்கும் அதே குரல்தான்.

கட்டடத்தின் அடிப்பகுதி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்டுகளைப் பார்த்தால் தெரியும். பதினாறு தண்டுகளும் நத்தை வேகத்தில் தங்கள் உறைக்குள் போய்க்கொண்டிருந்தன. நாற்புறமும் கான்கிரீட், மேலே என் கட்டடம். ஓடலாம் என்றால் முப்பது எட்டு வைத்தால் சுவர்.

"வால்வை அடைச்சுடலாமா சார்?" என்றாள்.

"அடைச்சு என்ன பண்ண? எண்ணெய் கீழ வழியாப் போகலை. தண்டும் உறையும் சேர்ற வாயில சீல் இருக்குதுல்ல, அது வழியா மேல பீச்சிட்டுப் போகுது. எல்லாம் உன்ற சந்தனத்தோட வேலை."

அவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் தூணைச் சுற்றி ஒரு தரம் வந்தாள். குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். இன்னொரு தரம் சுற்றினாள்.

"சார், இங்க வந்து பாருங்க. எண்ணெய் கெழக்குப் பக்கம் மட்டும்தான் வருது. மேக்கால ஒரு சொட்டுகூட இல்ல. சந்தனம் தின்னிருந்தா சுத்தியும் இல்ல ஒழுகணும்?"

அவள் கேட்டது சரியான கேள்வி. படித்தவர்களிடம் முப்பது வருடம் வேலை வாங்கியிருக்கிறேன், இந்தக் கேள்வியை இத்தனை சீக்கிரம் எவனும் கேட்டதில்லை. நான் தொண்டையைச் செருமினேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

ஒழுகலை நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூடி சாத்திய நொடியிலேயே தெரியும். தெரிந்தும் பத்து நிமிடம் சும்மா நின்றேன். உள்பேசியில் யார் யாரையோ கூப்பிட்டேன், பம்ப் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றுக்கும் உதவாத நாலு வேலை செய்தேன். இருநூறு உயிர் தலைக்கு மேல் இருக்க, அந்தப் பத்து நிமிடத்தை என் பேருக்காகச் செலவு செய்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

"வெள்ள மட்டத்துக்கு இன்னும் மூன்று அடி," என்றது சமன்.

திரும்பிப் பார்த்தால் அம்சவேணி குழியின் மூலையில் இருந்தாள். அங்கே சுவரில் ஒரு சின்னப் பலகை, அதில் சரஸ்வதி படம். படத்துக்குப் பின்னால் கையை விட்டு எதையோ உருவினாள். துணி சுற்றிய கனமான பொருள். துணியைப் பிரித்தாள். பெரிய ஸ்பேனர். பிடியில் பன்னிரண்டு வருடச் சந்தனம், அடுக்கடுக்காக.

நான் வாங்கிப் பார்த்தேன். அம்பத்தஞ்சாம் நம்பர்.

"இது எதுக்கு உன்கிட்ட?" என்றேன்.

அவள் துணியை மடித்து இடுப்பில் செருகினாள்.

"இந்தக் கட்டடத்துல அம்பத்தஞ்சு சேர்ற போல்ட்டு நாலே நாலுதான் இருக்குது. ஒம்பதாந் தூண் உச்சித் தட்டுல. வேற எங்கயும் கெடையாது. அங்க உனக்கு என்ன வேலை?"

"வேலைய உட்டுத் தூக்கிடுவீங்க."

"அம்மிணி, இன்னும் அரை மணி நேரத்துல நீயும் நானும் தண்ணிக்குள்ள கெடப்போம். சொல்லு."

"மொத வருஷமே பாத்தேன் சார்," என்றாள். "ஒத்திகை அன்னிக்கு எறக்கும்போது மத்ததெல்லாம் கம்முனு எறங்குது. இது மட்டும் முனகுது. பல்வலிக்காரன் மாதிரி. எதுக்கோ முரண்டு புடிக்குதுன்னு தோணிச்சு. ஒரு நாள் மேல ஏறி அந்த நாலு போல்ட்டை ஒன்றரைச் சுத்து லூசு உட்டேன். முனகல் நின்னுடுச்சு. தண்டு கொஞ்சம் அசைஞ்சு தன் எடத்துல உக்காந்துச்சு. கட்டடம் எறங்கினதும் திரும்ப டைட் பண்ணிட்டேன். அப்பால வருஷா வருஷம் அதான். பூஜை அன்னிக்கு யாரும் கேக்க மாட்டாங்க இல்ல? பொட்டு வெக்கிற சாக்குல மேல ஏறுவேன்."

"எழுதிக் குடுத்திருக்கலாமே!"

"குடுத்தேனே. மூணு தபா குடுத்தேன். 'கவனிக்கப்பட்டது'ன்னு பதில் வந்துச்சு. கீழ உங்க பேருதான் போட்டிருந்துச்சு."

தூண் உச்சிக்கு ஏறுவதற்கென்று குழியில் ஒரு சக்கர ஏணி உண்டு, நான் அதன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த வருஷம் ஏன் பண்ணலை?"

"நீ தான் சார் தொடக்கூடாதுன்ன!" முதல்முறையாக அவள் கத்தினாள். மரியாதை போய்விட்டது. போனதே நல்லது. "தொட்டா வேலை போயிடும்னு எழுதின இல்ல? எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார். எறக்கும்போது அது முனகுது, நான் காதைப் பொத்திக்கினு நின்னேன். இப்ப இன்னாடான்னா சந்தனம்ற, குங்குமம்ற!"

இனி என்ன மிச்சம்? சொன்னேன்.

"தலையில கொடம் வெக்கறப்போ சும்மாடு வெப்பீங்கல்ல? கொடம் அப்புடி இப்புடி ஆடுனாலும் சும்மாடு குடுத்துக்கும், கழுத்து சுளுக்காது. மத்த பதினஞ்சு தண்டு உச்சியிலயும் அந்த மாதிரி ஒரு கிண்ணம் இருக்குது. வெயிலுக்குக் கட்டடம் நீளும், காத்துக்கு ஆடும், கிண்ணம் சமாளிச்சுக்கும். அது இல்லாட்டித் தண்டே சாஞ்சு, சீல் ஒரு பக்கம் நசுங்கி, எண்ணெய் பீச்சும். ஒம்பதாவதுக்கு மட்டும் கிண்ணம் இல்லை."

"ஏன்?"

"வர்ற வழியில லாரியிலயே வெடிச்சுப் போச்சு. தெறப்பு விழாவுக்கு மூணு நாள்தான் இருந்துச்சு. புதுக் கிண்ணம் வர ரெண்டு மாசம் ஆகும்னாங்க. ஒரு லேத்துப் பட்டறையில தட்டு அடிச்சு, நாலு போல்ட்டுப் போட்டு இறுக்கிட்டேன். வரைபடத்துல 'தற்காலிகம்'னு எழுதினேன். தற்காலிகம்னு இருந்தா பரிசோதனைக்காரன் கையெழுத்துப் போட மாட்டான். அதனால அந்த வார்த்தையை அழிச்சேன். அப்புறம் மாத்திக்கலாம்னு நெனைச்சேன்."

"மாத்தலை."

"ஒத்திகை முடிஞ்சதும் சமன் அனுப்பற விலகல் கணக்கு வருஷா வருஷம் பூஜ்ஜியம்னு வந்துச்சு. அட, தட்டே நல்லாத்தான் இருக்குதுன்னு விட்டுட்டேன்." நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பூஜ்ஜியம் உன்றதுன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு ஒழுகுதுன்னதும் தட்டுதான்னு தெரிஞ்சுபோச்சு. சந்தனம்னு எழுதிட்டு வந்தேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஏணியைத் தள்ளு சார்," என்றாள்.

ஏணியை ஒன்பதாம் தூணுக்குத் தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். அவள் மேலே, இரண்டு படி கீழே நான். தட்டு எங்கள் முகத்துக்கு நேராக இருந்தது. ஒரு பக்கம் நகம் நுழையும் அளவு தூக்கியிருந்தது, மறுபக்கம் கான்கிரீட்டை நசுக்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. நானும் குழாயைப் பிடித்தேன். என் வலது தோள் பத்து வருடமாகச் சரியில்லை, அது பாட்டுக்குக் கத்தட்டும் என்று தொங்கினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தத்தோடு போல்ட் கால் சுற்று நகர்ந்தது.

"அடுத்தது எதுத்தாப்புல இருக்கறது," என்றேன்.

"தெரியும் சார். குறுக்கால குறுக்கால உடணும். பக்கத்துல பக்கத்துல உட்டா தட்டு எகிறி மூஞ்சியில அடிக்கும்."

அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். நாலு போல்ட்டையும் கால் கால் சுற்றாகச் சுற்றி வந்தோம். எண்ணெய்க் கையில் குழாய் வழுக்கியது. ஒரு தரம் அவள் தடுமாறி என் மேல் சாய, இருவரும் ஏணியின் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். கீழே சமன் இரண்டரை அடி என்றது, இரண்டு அடி என்றது. ஓர் அடி என்றபோது நரசிம்மலு தண்ணீர் தரைத்தளத்துப் படிக்கு வந்துவிட்டதாகக் கத்தினார். காற்றுக் குழாயின் வாயில் வெள்ளம் தளும்பும் சத்தம் எங்களுக்கே கேட்டது. ஒன்று, ஒன்றேகால்.

"இன்னும் கால் சுத்து சார். அது ஒன்றரைக்குத்தான் கேக்கும்."

ஒன்றரையில் தட்டு ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்தது. அந்தத் தடிமனான தண்டு ஒரு விரல் அகலம் மேற்கே அசைந்து நேராக நின்றது. எத்தனையோ சிலிண்டர் பார்த்திருக்கிறேன், இப்படிக் கண் முன்னால் நிமிர்ந்ததைப் பார்த்ததில்லை. கீழே பார்த்தேன். கிழக்குப் பக்கத்து எண்ணெய்ப் பீச்சல் கசிவாகி, கசிவு சொட்டாகியது.

"ஒன்பதாம் தூண் அழுத்தம் ஏற்கிறது," என்றது சமன். "விலகல் பதினெட்டு. பதினொன்று. நான்கு."

தண்டுகள் நின்றன. அப்புறம், மெல்ல, மேலே போகத் தொடங்கின. அம்சவேணி ஏணியின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எதற்கு என்று கேட்டால் பல காரணம் உண்டு.

"சார்! பழம் நின்னுடுச்சு சார்!" என்றார் நரசிம்மலு.

மேலே நாலைந்து பேர் நெம்பினதும் மூடி திறந்தது. தாழ்வாரத்துக்கு வந்தோம். யாரோ டீ கொடுத்தார்கள். ஒரு அம்மாள் அம்சவேணியின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாழ்வாரத்தின் கம்பி வேலிக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை கலங்கிய தண்ணீர். அதன்மேல் வரிசை வரிசையாகக் கட்டடங்கள் நின்றன. குவளை, அல்லி, கொஞ்சம் தள்ளி நெய்தல். நெய்தலின் மாடியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

அம்சவேணி டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அங்கெல்லாம் ஒம்போதாவது தூணுக்குக் கிண்ணம் கீதா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். இந்தக் கேள்விக்குத்தான் நான் பன்னிரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன் போலும். ஆம்பல் நல்லபடி நின்றதும், வாரியத்தின் வரைபடக் கணினி அதையே மாதிரியாக எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் விலகல் பூஜ்ஜியம் வந்த பாகத்தை அது கேள்வி கேட்காமல் படியெடுக்கும். ஒன்பதாம் தூணின் தட்டையும் நாலு போல்ட்டையும் முப்பத்தாறு முறை படியெடுத்தது. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

"இல்லை," என்றேன். "எல்லாத்துலயும் தட்டுதான்."

"அங்கயும் பூஜ்ஜியம்தான் வந்துச்சா, போன வருஷம் வரைக்கும்?"

"ஆமா."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னை முந்திக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

"அப்ப அங்கயும் யாரோ ஒருத்தர் மேல ஏறிக்கினு இருந்திருக்காங்க," என்றாள். "உங்க சுத்தறிக்கை எல்லாருக்கும் போச்சா சார்?"

"முப்பத்தேழு பேருக்கும்."

கைபேசியைத் திறந்து விலகல் பட்டியலைப் பார்த்தேன். குவளை, ஒன்பதாம் தூண், ஆறு மில்லிமீட்டர். அல்லி, ஒன்பது. கொட்டி, நான்கு. நெய்தல், பதினைந்து. காலையில் ஆம்பலும் பதினைந்தில்தான் இருந்தது.

அம்சவேணி இடுப்பிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்தாள். தூண் பார்ப்பவர்களுக்குள் பேசிக்கொள்ளும் அலைவரிசை. "ஆம்பல்லேர்ந்து அம்சா பேசறேன். எல்லாரும் கேளுங்க. ஒம்போதாவது தூணை லூசு உடுங்க, வழக்கமா உடற மாதிரி. உடனே." பொத்தானை விட்டாள். கரகரப்பு மட்டும் வந்தது. மறுபடியும் சொன்னாள். யாரோ மூச்சு விடுவது கேட்டது, பேச்சு வரவில்லை.

"பேச மாட்டாங்க சார்," என்றாள். "பேசினா தொட்டேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. எல்லாருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீது. நீங்க பேசுங்க."

வாங்கினேன். இதில் பேசுவது எல்லாம் பதிவாகும். அந்த விதியும் நான் எழுதியதுதான்.

"நான் சென்னியப்பன். தலைமை வடிவமைப்பாளன். ஒம்பதாந் தூண் தட்டு தப்பு. அது தற்காலிகம். அந்த வார்த்தையை அழிச்சவன் நான். பூஜையை நிறுத்துனது தப்பு, தொடக்கூடாதுன்னதும் தப்பு. தப்பு பூரா என்னோடது, உங்க யார் மேலயும் இல்லை. ஆம்பல் இப்பத்தான் தப்பிச்சுது. தயவு செஞ்சு, குழிக்கு ரெண்டு பேராப் போங்க. மூடிக்கு நல்ல முட்டுக் குடுங்க. எப்பவும் எவ்வளவு விடுவீங்களோ அவ்வளவு விடுங்க. போறவங்க கட்டடத்துப் பேரைச் சொல்லுங்க."

பொத்தானை விட்டேன். கரகரப்பு. நான் அறிக்கையை அழித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வயதான ஆண் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"குவளை சார். நான் ரெண்டு சுத்து உடுவேன். போறேன்."

"அல்லி. ஒன்றேகால்."

"கொட்டி பேசறேன். இதுக்கு ஒரு சுத்து போதும் சார். போய்க்கினே கீறேன்."

"தாமரை. நான் வெளக்கெண்ணெயும் கொஞ்சம் விடுவேங்க, அது பரவால்லீங்களா?"

ஒன்றன் பின் ஒன்றாக வந்தார்கள். பெண்கள், ஆண்கள், ஒரு திக்குவாய்க்காரர். ஒருவர் அழுதுகொண்டே சுற்றுக் கணக்கைச் சொன்னார். இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கு ஒரு ஸ்பேனரை ஒளித்துவைத்து, என் தப்பைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தைந்து வரை வந்தது. அதற்குப் பிறகு வெறும் கரகரப்பு.

"முப்பத்தாறு வரணும்," என்றேன்.

அம்சவேணி வாக்கி டாக்கியை என் கையிலிருந்து வாங்கினாள். கம்பி வேலியோரம் போய், துணி காயும் அந்த மாடியைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தினாள்.

"நெய்தல்," என்றாள். "நெய்தல், இருக்கீங்களா?"